ஐப்பசித் தண்ணியும் ரெஜிபோம் தெப்பமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மீன் ஆசை உள்ளவர்களும், வீட்டில் மீன் ஆசை உள்ள பொடியன் ஒருவன் இருக்கிற வாப்பா உம்மாவும் கடைசி வரைக்கும் வாசியுங்கள். மற்றவர்கள் உங்கள் மச்சான்மாருக்கு அனுப்பி விடுங்கள்.

போன கிழமை எங்கள் பழைய மாணவன் ஒருவன் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய சின்னப் படகு. கயாக் என்று சொல்கிறார்கள். சுற்றிவர ஏரி, கரையில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்பும். மடியில் ஒரு மீன், முழங்கை நீளம் இருக்கும். அதற்குப் பெயர் வால்ஐ, அங்கே சில பேர் பிக்கரல் என்றும் சொல்வார்களாம். ஒக்டோபரில் தண்ணீர் குளிரத் தொடங்கும்போது அது நன்றாகத் தின்னுமாம். இருட்டில் டோர்ச் அடித்தால் கண் பூனைக் கண் மாதிரி மின்னுமாம். நம்ம கொடுவாவின் கண்ணும் அப்படித்தான். இரவில் வெளிச்சம் பட்டால் நெருப்புத் துண்டு மாதிரிச் சிவக்கும்.

குழுவில் எல்லாரும் மீனைப் பற்றியே கேட்டார்கள். எத்தனை கிலோ, என்ன இரை, கறி ஆக்கினால் எப்படி இருக்கும், முள் கூடவா. எங்கள் கண் மட்டும் அவன் போட்டிருந்த ஆரஞ்சு நிற ஜக்கெட்டில் போய் நின்றது. கேட்டோம். "சேர், இங்க படகுல ஆளுக்கொரு ஜக்கெட் இரிக்கணும், அது சட்டம். மீன் புடிக்க லைசன்ஸ் எடுக்கணும். எங்கட பக்கம் இந்த மீன்ல ஒரு நாளைக்கு நாலுக்கு மேல எடுக்கேலா. முட்டை போடுற காலத்துல தொடவும் ஏலா" என்றான். இவன் எங்களிடம் படித்த காலத்தில் ஒரு சட்டத்துக்கும் கட்டுப்படாத ஆள். வகுப்புக் கதவால் வந்ததைவிட ஜன்னலால் வந்ததுதான் அதிகம்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்று பின்னேரம் அசறு தொழுதுவிட்டு நாங்கள் கிட்டங்கிப் பக்கம் போனோம். நாங்கள் என்றால் நாலு பேர். ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள், சனிக்கிழமை வந்தால் ஒரே தூண்டில் பைத்தியம். அங்கே தண்ணிக்குள் ஏழெட்டுப் பொடியன்மார். இரண்டு பேர் லொறி ரியூப்பில், மற்றவர்கள் ரெஜிபோமில். ஒருத்தனிடமும் ஒரு ஜக்கெட் இல்லை. அதில் மூன்று பேர் எங்கள் பிள்ளைகள், இந்த வருஷம் ஓ.எல். எழுதப் போகிறவர்கள். எங்களைக் கண்டதும் ஒருத்தன் வலையை மறைத்தான். மறைக்க வேண்டியது வலை இல்லை மனே, நீ இருந்த தெப்பம்.

ரெஜிபோம் தெப்பத்தைப் பற்றித் தெரியாத வெளியூர் ஆட்களுக்காக ஒரு வார்த்தை. மீன் பெட்டி, ரீவி பெட்டிக்குள் வருகிற ரெஜிபோம், உடைந்த குளிர்சாதனப் பெட்டியின் உள் தகடு என்று கிடைத்ததையெல்லாம் அடுக்கி, பழைய வலையாலோ உரப்பையாலோ சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, மேலே ஒரு பலகை வைத்தால் தெப்பம் ரெடி. சிலவு ஒன்றும் இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு போகலாம், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டும் போகலாம். ஒரு ஆள் கால் இரண்டையும் தண்ணிக்குள் விட்டுக்கொண்டு, கைத்துடுப்பாலோ ஒரு செருப்பாலோ தள்ளிக்கொண்டு, தோணி போகாத சல்லுக்குள்ளும் போகலாம். மீன் இருக்கிற இடமும் அதுதான். இதைக் கண்டுபிடித்தவனின் மூளையை நாங்கள் குறை சொல்லவே மாட்டோம். தோணி வாங்க வசதி இல்லாதவன் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த வேலை அது. மூன்று வருஷத்துக்கு முன்னம் வரைக்கும் எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதினால் அது யோக்கியம் இல்லை.

ஐப்பசி மாதம். கச்சான் காத்து ஓய்ந்து, வாடை இன்னும் சரியாகப் பிடிக்காத அந்த இடைப்பட்ட நாட்கள். முதல் மழை இரண்டு பெய்து, வயலெல்லாம் பெரும்போக விதைப்பு. ஆறு கொஞ்சம் நிறம் மாறி, தேத்தண்ணி மாதிரி. மீன் ஆசை உள்ளவனுக்கு இந்தக் காலம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கோடை முழுக்க உப்பும் சூடுமாகக் கிடந்த வாவிக்குள் புதுத் தண்ணி வரும்போது மீனுக்கெல்லாம் ஒரு உசார் வரும். விரால், சுங்கான், பனையான் எல்லாம் வயல் வாய்க்காலைப் பார்த்து ஏறும். மணலை துள்ளும். இறாலுக்குப் பின்னால் கொடுவா வரும். சுபஹு தொழுதுவிட்டு வெள்ளாப்பில் போனால் ஏழு மணிக்குள் கறிக்கு மீன் நிச்சயம்.

அன்று எங்களில் கணக்குப் படிப்பிக்கிறவர் தெப்பத்தில் கொஞ்சம் தூரம் போய், முதல் நாள் பின்னேரம் கட்டிய வலையை இழுத்தார். வலையில் பாரம். மீன் என்று நினைத்து எழும்பி நின்று இழுத்தார். பாரம் ஆற்றுவாழை. தெப்பம் நடுவால் பிளந்தது. அவர் விழுந்த இடத்தில் ஆழம் பெரிதாக ஒன்றும் இல்லை, அவருடைய நெஞ்சளவு கூட இருந்திருக்கும். ஆனால் கால் தங்கூசி வலைக்குள். மேலே ஆற்றுவாழை மூடிக்கொண்டு வருகிறது. அடியில் சேறு. எழும்ப எழும்ப வலை இறுகுது. கரையில் நின்ற நாங்கள் மூன்று பேரும் என்ன செய்தோம்? கத்தினோம். எங்களில் ஒருவருக்கும் ஒழுங்காக நீந்தத் தெரியாது. மூன்று பட்டதாரிகள், ஆளுக்கு இருபது வருஷத்துக்குக் கிட்டச் சேவை, கரையில் நின்று கத்தினோம்.

சேனைக்குடியிருப்புப் பக்கமிருந்து தோணியில் வந்த ஒரு பெரியவர்தான் கத்தியால் வலையை அறுத்து அவரை எடுத்தார். தோணிக்குள் இழுத்துப் போட்டு, தண்ணி கக்க வைத்து, கரைக்குக் கொண்டுவந்து விட்டார். பிறகு எங்களை ஒரு பார்வை பார்த்தார். "சேர்மாரா?" என்று கேட்டார். ஓம் என்றோம். "படிப்பிக்கிற ஆக்களே இப்பிடி வந்தா, படிக்கிற புள்ளையள் எப்பிடி வருங்கள்?" அவ்வளவுதான் சொன்னார். காசு கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. அறுத்த வலையைச் சுருட்டி எங்கள் கையில் தந்து, "இத ஆத்துல போட்டுட்டுப் போகாதீங்க" என்றார்.

அந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாகப் பதில் தேடி, இப்போதுதான் எழுத வந்திருக்கிறோம். பிந்தியதற்கு மன்னிக்கவும்.

நம்ம ஊரின் இருப்பை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு வருகிற மட்டக்களப்பு வாவியின் தெற்கு வால். அதற்கு அங்கால் வயல். தெற்கே போனால் காரைதீவு, மாவடிப்பள்ளி, நிந்தவூர், ஒலுவில், களியோடை. எங்கே திரும்பினாலும் தண்ணி. இப்படி ஒரு துண்டு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற நாங்கள், நீந்தத் தெரியாத ஒரு சமூகம். கடற்றொழிலுக்குப் போகிற குடும்பங்களை விட்டுவிட்டுச் சொல்கிறோம். எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பில் கைதூக்கச் சொல்லிக் கேட்டோம், யாருக்கு நீந்தத் தெரியும் என்று. தூக்கிய கைகளை எண்ண எங்களுக்கு ஒரு கை விரல் போதும்.

இதற்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26. அதற்கு முன்னம் பிள்ளைகள் கடலில் கிடந்தே வளர்ந்தார்கள். மருதமுனையில், கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில் அன்று காலையில் பிள்ளையைப் பறிகொடுத்த உம்மா, பிறகு பிறந்த பிள்ளையைக் கடற்கரைக்கும் விடவில்லை, ஆற்றங்கரைக்கும் விடவில்லை. அவவை யார் குறை சொல்லலாம்? எங்களால் முடியாது. ஆனால் பாருங்கள், அந்தப் பிள்ளை இன்றைக்குப் பதினாறு பதினேழு வயதுப் பொடியன். உம்மாவுக்குத் தெரியாமல் ரெஜிபோமில் ஏறிப் போகிறான். தண்ணிக்குப் போவதை நாங்கள் தடுக்கவில்லை. தண்ணியில் மிதக்கப் பழக்குவதைத்தான் தடுத்திருக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1978 சூறாவளி, நவம்பர் 23. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நேரம் மிதப்புப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிஞ்சுகள் போனது, 2021 நவம்பர் 23. நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது, 2024 நவம்பர் 26. அந்த ஜனாஸாக்களைத் தேடிய நாட்களை நம்ம ஊரில் மறந்தவர் யாரும் இல்லை, சம்மாந்துறையில் இன்னும் அந்த வீடுகளுக்குப் போனால் பேச்சு வராது. வருஷங்கள் வேறு, இடங்கள் வேறு, காரணங்களும் வேறு. ஆனால் மாதம் ஒன்று. எங்கள் கிழக்குக்கு நவம்பரின் கடைசி என்றால் என்னவென்று அல்லாஹ் எத்தனை தடவை காட்டிவிட்டான்.

தண்ணியைப் பற்றி ஒரு விசயத்தைப் பொடியன்மாருக்குச் சொல்ல வேண்டும். "மழையே இல்லையே சேர், வெயில் எறிக்கிது" என்பார்கள். கல்முனையில் வெயில் எறிக்கும், சரி. அம்பாறைக்கு அங்கால், மலைப் பக்கம் முதல் நாள் இரவு என்ன பெய்தது என்று உனக்குத் தெரியுமா? இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் இருக்கிறது, நாட்டிலேயே பெரிய குளம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டியது. அது நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணி பட்டிப்பளை ஆற்றால் கீழே நம்ம பக்கம்தான் வரும். அதோடு சம்மாந்துறை, நாவிதன்வெளி வயல்களின் வடிச்சல் எல்லாம் தாழ்ந்த இடம் தேடி வரும். வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போதே தண்ணி ஏறும். காலையில் இடுப்பளவு இருந்த இடம் பின்னேரம் ஆளை மூடும். மேலால் ஆற்றுவாழை அசையாமல் கிடக்கும், கீழால் இழுவை இருக்கும். அதோடு முதலை. கோடையில் ஒரு மடுவுக்குள் கிடந்தது, தண்ணி பெருத்தால் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாவடிப்பள்ளிப் பக்கம் கால் தொங்கப் போட்டுக்கொண்டு தெப்பத்தில் போகிற தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெரிய கல்லாற்றில் முகத்துவாரம் வெட்டுகிற நாட்கள் இன்னொன்று. வயல் தாழுது, வெட்டு என்பார் விவசாயி. இப்ப வெட்டினால் இறாலெல்லாம் கடலுக்குப் போகும், பொறு என்பார் மீனவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு, அந்தச் சண்டைக்குள் நாங்கள் இன்று போகவில்லை. ஆனால் வெட்டியது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் தெப்பம் இறக்காதீர்கள். நிரம்பிக் கிடந்த வாவி ஒரு வாயால் வெளியே போகிற வேகத்தோடு ஒரு பலகைத் துடுப்பு மல்லுக்கட்டாது.

இப்போது மீனைப் பற்றி. உயிரைப் பற்றிப் பேசும்போது மீனை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே வலையில் மாட்டியிருக்கிறது, அதுதான்.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவர் சொல்லும் வரைக்கும் எங்களுக்கும் தெரியாத ஒன்று: கொடுவா பிறந்து வளரும்போது ஆண். முதல் சில வருடங்கள் ஆணாகவே இருந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். அதாவது, நாங்கள் படம் எடுத்துப் போடுகிற அந்தப் பெரிய கொடுவா இருக்கிறதே, அது பொட்டை. மழைகாலத்தில் உப்புத் தண்ணி தேடி முகத்துவாரத்துக்குப் போய் இலட்சக் கணக்கில் முட்டை போடப் போகிற தாய். சின்னதை எடுத்தால் ஒரு மீன் போகும். பெரியதை எடுத்தால் வரப்போகிற வருஷங்களின் வரவு போகும். நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். சின்னதைக் கண்டால் "சீ, விடு" என்கிறோம், பெரியதைக் கண்டால் ஊரையே கூப்பிடுகிறோம்.

விராலும் அப்படி ஒரு பாவம். அது கூடு மாதிரி இடம் செய்து முட்டை போட்டு, குஞ்சு பொரித்து, தாயும் தகப்பனும் காவல் நிற்கிற மீன். தண்ணி மேலே சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரித் தெரியும், அதற்குக் கீழே பெரியது நிற்கும். அந்த இடத்தில் தூண்டில் போட்டால் பசியில் இல்லை, கோபத்தில் வந்து கடிக்கும். பிடித்துவிடலாம், லேசு. பிறகு அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு நேரத்துச் சாப்பாடாக முடித்துவிடும். விரால் புளியாணத்தின் ருசியை எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தின் மேல் தூண்டில் போடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். சட்டத்துக்குப் பயந்து விட்டதில்லை. மனது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கறிக்கு மீன் வேண்டுமென்றால் செப்பலி இருக்கிறது. திலாப்பியா என்று புத்தகத்தில் போடுவார்களே, அதுதான். இது நம்ம நாட்டு மீனே இல்லை, 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. எங்கள் மூத்தாப்பாமார் சின்ன வயதில் இந்த மீனைக் கண்டிருக்கவே மாட்டார்கள். இன்று ஏழை வீட்டுச் சட்டியைக் காப்பாற்றுவது அது. வருஷம் முழுக்கப் பெருகும். அதைப் பிடியுங்கள், பொரியுங்கள்.

தங்கூசி வலைக்கு வருவோம். தடை செய்த வலை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கிடைக்கிறது, வாங்குகிறோம், கட்டுகிறோம். அது தண்ணிக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் காலுக்கும் தெரியாது. அறுந்து போனால் உக்காது, எடுத்துக்கொண்டு போக ஆளில்லாமல் கிடந்து மீன் பிடித்துக்கொண்டே இருக்கும், நண்டு பிடிக்கும், ஆமை பிடிக்கும், எங்கள் கணக்கு சேரைப் பிடித்த மாதிரி ஆளையும் பிடிக்கும். அவர் கால் மாட்டியது அவர் கட்டிய வலையில்தானா, யாரோ போன வருஷம் விட்டுப் போன வலையிலா என்று இன்றைக்கும் அவருக்கே நிச்சயமில்லை. ரெஜிபோமும் அதே கதை. சாப்பாட்டுப் பெட்டி ரெஜிபோமை 2017 செப்டம்பரில் தடை செய்தார்கள், நல்லது. ஆற்றில் பிளந்த தெப்பம் முத்து முத்தாக உதிர்ந்து கரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை.

இதைச் சொன்னால் மூன்று பதில் வரும். எல்லாம் எங்களுக்கு வந்தவைதான்.

"அல்லாஹ் எழுதினது நடக்கும் சேர்." நடக்கும். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றி ஜும்ஆவில் கேட்காத ஆள் நம்ம ஊரில் இருக்கிறாரா? மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மட் போடும்போது இந்தப் பேச்சு ஏன் வருவதில்லை? பொலிஸ் நிற்கிறது, அதனால். ஆற்றில் பொலிஸ் இல்லை.

"வயித்துப் பொழப்புக்குப் போறவன் ஜக்கெட் வாங்குவானா?" இதுதான் எங்களை வாயடைக்க வைத்த கேள்வி. உண்மையிலேயே பிழைப்புக்காக அன்றாடம் தெப்பத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சனிக்கிழமை ஆசைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு மாதம் முடியச் சம்பளம் வருகிறது. அவர்களுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு வாயில்லை. அவர்கள் எங்களைவிட நூறு மடங்கு தண்ணி தெரிந்தவர்கள். அவர்களுக்கு ஜக்கெட் வாங்கிக் கொடுக்க வேண்டியது ஊர். கடற்றொழில் அலுவலகம், பிரதேச செயலகம் என்று மனு எழுதுவோம், எழுதித் தர நாங்கள் ரெடி. ஆனால் மனு போய் வர ஐப்பசி முடிந்து தை வந்துவிடும்.

அதனால் விளையாட்டுக் கழகத் தம்பிமாரைக் கேட்கிறோம். ஊரில் எத்தனை கழகம் இருக்கிறது என்று எங்களுக்கே கணக்கில்லை. ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் புது ஜேர்சி. அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஒரே ஒரு போட்டிக்குப் பழைய ஜேர்சியோடு இறங்கி, அந்தக் காசில் எத்தனை ஜக்கெட் வாங்கலாம் என்று உங்கள் பொருளாளரைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றங்கரையில் உள்ள ஒரு கடையில் தொங்கவிட்டு, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு இரவல் கொடுக்கலாம். ஜனாஸா சந்தூக்கைப் பள்ளிவாசலில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம். அது தேவைப்படாமல் இருக்க ஒரு சாமானையும் பொதுவாக வைத்திருக்கலாமே.

மூன்றாவது பதில், "நீச்சல் பழக்கத் தடாகம் எங்க சேர் இரிக்கி?" தடாகம் இல்லைதான். பங்களாதேசிலும் கிராமத்தில் தடாகம் இல்லை. அவர்கள் ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, பிள்ளை அந்தச் சட்டத்துக்குள் நின்று பழகுகிற மாதிரிச் செய்து, ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று பார்க்காமல் நாலு வயதிலிருந்து பழக்குகிறார்கள். போட்டிக்கு நீந்த இல்லை. விழுந்தால் மிதந்து கிடந்து கரைக்கு வர. நம்மைப் போலவே பள்ளிவாசலும் பர்தாவும் வெள்ளமும் உள்ள நாடு அது. அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். வர்ணம் பூசுகிற விசயம் முதலில் இருந்தது, பிறகு நேரம் போய்விட்டது. அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.

ஜக்கெட் வரும் வரைக்கும் என்ன செய்வது? விஞ்ஞான சேர் வகுப்பில் ஒரு வேலை செய்து காட்டினார். ஐந்து லீற்றர் தண்ணிப் போத்தல், வெறுமையாக்கி மூடியை இறுக்கி அடைத்தது. அதைத் தண்ணிக்குள் முழுதாக அமத்தினால் ஐந்து லீற்றர் தண்ணியை விலக்கும், அது ஐந்து கிலோ. அதாவது ஒரு போத்தல் கிட்டத்தட்ட ஐந்து கிலோவைத் தூக்கும். தண்ணிக்குள் இருக்கிற ஆளின் தலையை மட்டும் மேலே வைத்திருக்க அவருடைய முழு நிறையையும் தூக்கத் தேவையில்லை, உடம்பே பாதி வேலையைச் செய்யும். இரண்டு போத்தல் ஒரு ஆளுக்குத் தாராளம். கயிற்றால் இரண்டையும் கோர்த்து நெஞ்சுக்குக் குறுக்கே, கக்கத்துக்குக் கீழே கட்டிக்கொண்டால் விழுந்தாலும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆர்க்கிமிடிசு தத்துவத்தைப் பரீட்சைக்குப் பாடமாக்கிய பிள்ளைகள் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் கண்டார்கள். இது ஜக்கெட் இல்லை, மயங்கிப் போனால் முகத்தை மேலே திருப்பாது. ஒன்றுமில்லாமல் போவதற்கு இது மேல், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் பெரியவர்கள் எப்போதும் சொல்வதுதான். தனியப் போக வேண்டாம். இடுப்பில் ஒரு கத்தி, வலை அறுக்க. தெப்பத்தில் எழும்பி நிற்க வேண்டாம், மீன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். எங்கே போகிறோம் என்று வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், உம்மாவுக்குச் சொல்லப் பயமென்றால் ராத்தாவுக்காவது. மகரிபுக்கு முன்னம் கரைக்கு வர வேண்டும். இரண்டாவது பெரிய மழையோடு தெப்பத்தைத் தூக்கி வீட்டு வளவில் வைத்துவிட வேண்டும். தை பிறந்து தண்ணி வடிந்த பிறகு எடுக்கலாம், மீன் அப்போதும் இருக்கும்.

எங்கள் தெப்பத்தை நாங்கள் உடைத்துவிட்டோம். இப்போது கரையிலிருந்தும் பாலத்துக்குப் பக்கத்திலிருந்தும்தான் போடுகிறோம், யாராவது தோணிக்காரர் ஏற்றினால் வாடகை கொடுத்துப் போகிறோம். மீன் குறைவுதான். கணக்கு சேர் இன்னும் தண்ணிக்கு இறங்கவில்லை, கரையில் இருந்து இரை கோர்த்துத் தருவார்.

அன்று வலையை மறைத்த பொடியன் மறுநாள் இடைவேளையில் எங்களிடம் வந்தான். அடி விழும் என்று நினைத்திருப்பான். "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டோம். "கொஞ்சம்" என்றான். கொஞ்சம் என்றால் என்ன என்று கேட்டோம். நிலத்தைப் பார்த்தான். வாப்பா தொழிலுக்கு வெளிநாடு போய் நாலு வருஷம், வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். பிடிக்கிற செப்பலியில் பாதியை விற்று ரியூஷன் காசு கட்டுகிறான். இவனிடம் போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இரண்டு போத்தலும் ஒரு கயிறும் கொடுத்தோம். கட்டிக் காட்டச் சொன்னோம். கட்டினான், சிரிப்பு வந்தது அவனுக்கு, கூட நின்றவன்மாரும் சிரித்தான்கள். சிரிக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு கிட்டங்கியில் நிற்போம். எங்களிடம் சொந்தக் காசில் வாங்கிய ஜக்கெட் நாலு இருக்கிறது, நாலையும் இரவல் தருவோம். வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு வெறும் போத்தல் மூடியோடு கொண்டு வாருங்கள். பழைய தங்கூசி வலை இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், யாருடையது என்று கேட்க மாட்டோம். சேனைக்குடியிருப்புப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தோணிக்காரர், மூன்று வருஷத்துக்கு முன்னம் ஒரு சேரைத் தண்ணிக்குள்ளிருந்து தூக்கியவர். அன்று பதற்றத்தில் பெயரையும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வந்தால் தோணியில் எப்படி ஏறுவது, வலையில் மாட்டினால் எப்படி அறுப்பது என்று பிள்ளைகளுக்கு அவரையே காட்டித் தரச் சொல்லிக் கேட்க இருக்கிறோம். தேத்தண்ணியும் வடையும் எங்கள் பொறுப்பு.